எரிக்காமல் விட்ட காடு

பிரிஜெட் டீச்சர் பினாங்கிலிருந்து திரும்பிய மாலை, லூனாஸைத் தாண்டியதும் பஸ் கண்டக்டர் ஜன்னல்களை எல்லாம் மூடச் சொன்னார். சாலையின் இரண்டு பக்கமும் வெண்புகை படுத்துக் கிடந்தது. ஏதோ ஒரு தோட்டத்தில், மறுநடவுக்காக வெட்டிச் சாய்த்த பழைய ரப்பர் மரங்களுக்கு நெருப்பு வைத்திருந்தார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். புகை முடிந்ததும் ஜன்னலைத் திறந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். பிரிஜெட்டும் பிறந்ததிலிருந்து அப்படித்தான் செய்து வந்தவள். அன்றைக்கு மட்டும் அவளுக்குக் கை எழவில்லை. பக்கத்து இருக்கைக்காரர்தான் எட்டி அவளுடைய ஜன்னலையும் சாத்தினார்.

கூலிமில் ஓர் அரசு இடைநிலைப்பள்ளியில் அவள் புவியியல் ஆசிரியை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு ஆகஸ்ட் விடுமுறையில், பினாங்குப் பல்கலைக்கழகத்தில் புவியியல் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. கடைசி நாள் ஒரு விரிவுரையாளர் திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். ரம்பத்தின் பல்லைப் போல ஏறி இறங்கி, ஆனாலும் வருடத்துக்கு வருடம் மேலே போய்க்கொண்டே இருந்த கோடு. காற்றில் இருக்கும் கரியமில வாயுவின் அளவு அது. நிலக்கரி, எண்ணெய், எரிக்கும் காடு எல்லாம் சேர்ந்து அந்தக் கோட்டைத் தள்ளுகின்றன என்றார். பூமி சூடாகும் என்றார். எவ்வளவு சூடாகும் என்று கேட்டதற்குச் சரியாகத் தெரியாது என்றார். கெடாவில் மழை கூடுமா, குறையுமா? அதுவும் தெரியாது.

பிரிஜெட் எழுந்து நின்றாள். "எப்போது உறுதியாகத் தெரியும்?"

"உறுதியாகத் தெரியும் நாளில், அதுவரை மேலே போனதை யாராலும் கீழே இறக்க முடியாது," என்றார் அவர். "அதனால்தான் தெரியாதபோதே குறைக்கச் சொல்கிறோம். சீக்கிரம் குறைக்கச் சொல்கிறோம்."

பிறகு தேநீர் இடைவேளை. எல்லாரும் கறிபாப் பலகாரம் எடுக்கப் போனார்கள். பிரிஜெட் அந்த வெறுந்திரையைப் பார்த்தபடி நாற்காலியிலேயே இருந்தாள்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இருக்கும்வரை அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். அம்மா போன பிறகு தம்பி எர்னஸ்ட் குடும்பத்தோடு பெர்த்துக்குக் குடிபெயர்ந்தான். மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த அந்த வாடகை வீட்டில் மிச்சமிருந்தது அவளும் ஒரு ரேடியோவும்தான். வேலைநாளில் பள்ளிச் சத்தம் இருக்கும். விடுமுறையில், வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாமலேயே நாள் முடிந்துவிட்டதைப் படுக்கப் போகும்போதுதான் கவனிப்பாள். அது அவளுக்குப் பழகிப் போயிருந்தது. ஆனால் பினாங்கிலிருந்து கொண்டுவந்த விஷயத்தோடு தனியாக இருப்பது பழகவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போல் இருந்தது.

ஆசிரியர் அறையில் சொன்னாள். நமக்கு எப்போதும் சூடுதானே என்று சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைப் பூசை முடிந்து வாசலில் நின்றவர்களிடம் சொன்னாள். உலக முடிவைப் பற்றி வேதத்திலேயே இருக்கிறதே என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பினார் ஒருவர். வகுப்பில் பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு மணி நேரம் எடுத்துச் சொன்னாள். பரீட்சையில் வருமா என்று கேட்டார்கள். வராது என்றதும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்.

இருபது வருடமாக அவளோடு வேலை பார்க்கும் பேட்ரிசியாதான் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "பிரிஜெட், நீ தனியா இருந்து இருந்து எதையாச்சும் யோசிச்சிக்கிட்டே இருக்க. ஒரு நாய்க்குட்டி வாங்கி வளர்த்துக்கலா," என்றாள். அன்போடுதான் சொன்னாள். அதற்குப் பிறகு பிரிஜெட் பள்ளியில் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு எர்னஸ்ட் போன் செய்தான். அவனிடமும் சொல்லிப் பார்த்தாள். "அங்க ரொம்ப சூடாச்சுன்னா இங்க வந்துரு அக்கா," என்றான். பின்னால் பிள்ளைகள் கத்தும் சத்தம் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்துவிட்டது.

அன்று மதியம் பரஞ்சோதி மனைவியோடு வந்தான். பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் அவளிடம் படித்தவன். இப்போது பண்டார் பாரு சாலையில் இருக்கும் வெள்ளைப்பாலத் தோட்டத்தில் துணை மேனேஜர். தோட்டத்து ஆட்கள் அவனைச் சின்ன துரை என்பார்கள், நம்பர் போட்டுப் பிரித்த ஒவ்வொரு மர நிலத்தையும் காடு என்பார்கள். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் வருகிறவன் அவன் ஒருவன்தான். மனைவி பிரேமாவதி சுங்கைப்பட்டாணிக்காரி. அதிகம் பேசமாட்டாள்.

"ஜனவரில பெரிய வேல இருக்கு டீச்சர்," என்றான் பரஞ்சோதி கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே. "பதினேழாம் நம்பர் காட்ட முழுக்கச் சாய்ச்சாச்சு. கித்தா மரம் போயி, ரப்பருக்குப் பதிலா எண்ணெய்ச் செம்பனை வருது. காஞ்சதும் நெருப்பு வெக்கணும்."

"எரிக்காம விட முடியாதா?"

அவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். "அவ்ளோ மரத்தையும் எங்க கொண்டு போயி போடுறது?"

"அங்கேயே கிடந்து மக்கட்டும்."

"மக்கும். மக்கற வரைக்கும் கொம்பு வண்டு அதுக்குள்ள முட்டை போடும். புழு கொழுத்து வண்டாகி இளஞ்செடியோட குருத்தத் தின்னும். அப்புறம் மேனேஜர் என்னோட குருத்தத் தின்பாரு."

பிரேமாவதி மெல்லச் சிரித்தாள். பிரிஜெட் சிரிக்கவில்லை. எழுந்து போய்ப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அந்தக் கோட்டை வரைந்து காட்டினாள். நான்கு மாதமாக யாரும் கேட்காத எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். பரஞ்சோதி தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"அப்ப எரிக்காம விட்டா மழையெல்லாம் ஒழுங்கா வருமா டீச்சர்?"

"தெரியாது."

"சூடு கொறையுமா?"

"ஒரு காட்டால ஒன்னும் கொறையாது. எவ்வளவு ஏறும்னே யாருக்கும் சரியாத் தெரியல."

"மக்கினாலும் அந்த வாயு வெளிய வரும்ல?"

"வரும். மெல்ல வரும். கொஞ்சம் மண்ணுல தங்கும்."

"என்ன டீச்சர், எதக் கேட்டாலும் தெரியாது, கொஞ்சம்ங்கறீங்க. இதச் சொல்லி மேனேஜர்கிட்ட நான் எப்பிடிப் பேசறது?"

"தெரியாதத தெரியும்னு என்னால சொல்ல முடியல பரஞ்சோதி. ஒன்னுதான் தெரியும். அந்த மரமெல்லாம் இத்தன வருஷமா காத்துலேருந்து இழுத்து உள்ள வெச்சிருக்கு. நீங்க ஒரே நாள்ல அத்தனையும் திருப்பி அனுப்பிடுவீங்க. எல்லாத் தோட்டத்துலயும் அதான் நடக்குது. எல்லாரும், முழுசாத் தெரியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு இருக்காங்க."

பிரேமாவதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பரஞ்சோதி சொன்னான்: "ஸ்கூல்ல எல்லா வாத்தியாரும் எதக் கேட்டாலும் பதில் சொல்லுவாங்க. நீங்க ஒருத்தர்தான், எனக்குத் தெரியாது, படிச்சிட்டு நாளைக்குச் சொல்றேன்னு சொல்லுவீங்க. அதனாலயே நீங்க சொன்னத மட்டும்தான் நாங்க நம்புவோம்."

புது வருடம் பிறந்து கொஞ்ச நாளில், பள்ளி விட்டு அவள் வந்தபோது தோட்டத்து லேண்ட் ரோவர் வீட்டு வாசலில் நின்றது. பரஞ்சோதி இறங்காமலேயே சொன்னான். "மேனேஜர் சரின்னுட்டாரு டீச்சர். டிசம்பர் பூரா மழை, மரம் காயவே இல்ல. எரிக்கக் காத்திருந்தா நடவு தள்ளிப் போயிரும், எரிக்காம வரிசையா அடுக்கிட்டு முன்னாடியே நட்டுரலாம்னு சொன்னேன். பதினேழாம் நம்பர் மட்டும். நீங்க சொன்ன கதையெல்லாம் சொல்லல."

"வண்டு?"

"மரத்து மேல கொடி படந்து மூடிருச்சுன்னா வண்டுக்கு மரம் கண்ணுலயே படாது. மழை பேஞ்சா கொடி படரும்." அவன் தோளைக் குலுக்கினான். "பேயும்லா. எந்த வருஷம் பேயாம இருந்திருக்கு."

அன்று சாயங்காலம் அவள் தன் ஒருத்திக்காக மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். வெகு நாளாயிற்று அப்படிச் சமைத்து.

கெடாவில் வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறை. தோட்டத்தில் வேலை நடக்கும். ஒரு வெள்ளிக்கிழமை பஸ் ஏறிக் காட்டைப் பார்க்கப் போனாள். எரித்த காடு கறுப்பாக, வழித்துவிட்டது போல இருக்கும். நடவுக் கயிற்றை நேராகப் பிடிக்கலாம். இது அப்படி இல்லை. அறுத்த தண்டுகளும் கிளைகளும் வேர்க்கட்டைகளும் வரிசை வரிசையாகக் குவிந்து கிடந்தன. நடுவே ஆட்கள் தடுக்கித் தடுக்கி நடந்து கொடி விதை தூவினார்கள். தோட்டத்தில் அதற்குக் குப்பைக் காடு என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிரிஜெட்டுக்கு அதைப் பார்க்க அழகாக இருந்தது. அப்படி யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.

ஏப்ரலில் மழை வந்தது. செம்பனைக் கன்றுகளை நட்டார்கள். கொடி முளைத்து இரண்டு இலை, மூன்று இலை விட்டது. மே மாதம் மழை நின்றது. இதோ வரும் என்று ஜூன் முழுக்கப் பார்த்தார்கள். பின்னேரத்தில் பாலிங் மலைப் பக்கம் கறுத்துவிட்டு, காற்று அடித்து, கலைந்துபோகும். ஓடையோரம் இருந்த பாதிக் காட்டில் கொடி எப்படியோ பிழைத்துக் கிடந்தது. மேட்டுப் பக்கம் சுருண்டு கருகிவிட்டது. தண்டுகள் வெயிலில் அம்மணமாகக் கிடந்தன.

ஜூலையில் பரஞ்சோதி அவளை அழைத்துக் காட்டினான். விரிந்த புது மட்டைகள் கத்திரியால் வெட்டிய காகிதம் போல் இருந்தன. குருத்தின் அடியில் விரல் நுழையும் ஓட்டை.

"வந்துருச்சு டீச்சர்."

பிரிஜெட் வெட்டுப்பட்ட மட்டையைத் தடவினாள். மழை பொய்த்தது அந்தக் கோட்டினாலா, அல்லது எப்போதாவது வரும் வறட்சிதானா? பரஞ்சோதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பாள். அவன் முகத்தைப் பார்த்தபோது, இந்த ஒரு தடவையாவது தெரியும் என்று சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

"மேனேஜர் என்ன சொன்னாரு?"

"ஒரு மாசம் டைம் குடுத்திருக்காரு. அதுக்குள்ள வண்ட அடக்கலைன்னா நெருப்புத்தான்."

நுனி வளைத்த கம்பியை ஓட்டைக்குள் விட்டு வண்டைக் குத்தி இழுப்பதற்குப் பெண்களை விட்டிருந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பிரிஜெட்டும் பழைய கைலியும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். வேண்டாம் என்று பரஞ்சோதி எவ்வளவோ சொன்னான். கேட்கவில்லை. அவளைச் செல்லாயியின் நிரையில் விட்டான். செல்லாயிக்கு வயது ஐம்பதுக்கு மேல். முப்பது வருடம் ரப்பர்ப் பால் மரம் சீவியவள், மரம் போனதால் வண்டு வேலைக்கு வந்திருந்தாள்.

"நீங்கதான் இதுக்குக் காரணமாமே டீச்சரம்மா," என்றாள் முதல் வார்த்தையாக.

"ஆமாக்கா."

"எரிச்சிருந்தா ஒரு நாளு வேல. இப்ப பாருங்க, இடுப்பு ஒடியுது." கம்பியை நுழைத்துத் திருகி இழுத்தாள். நுனியில் கறுத்த வண்டு காலை உதைத்துக்கொண்டு வந்தது. டின்னில் தட்டினாள். "எதுக்கு எரிக்கக் கூடாதுன்னீங்க?"

பிரிஜெட் சொன்னாள். கோடு கிடையாது, கையில் கம்பிதான் இருந்தது. எரித்த புகை எங்கேயும் போகாமல் மேலே போர்வை போல் தங்கிவிடும், உலகம் முழுக்க எரிப்பதால் போர்வை தடித்துக்கொண்டே போகிறது என்றாள்.

செல்லாயி கேட்டுக்கொண்டே அடுத்த செடிக்கு நகர்ந்தாள். "பக்கத்துத் தோட்டத்துல எரிக்கறான்ல?"

"எரிக்கறான்."

"அப்ப நாம மட்டும் விட்டு என்னாவப் போவுது?"

"நாமளும் எரிச்சா அதைவிடக் கூடத்தானே ஆகும்."

செல்லாயிக்கு அந்தப் பதில் பிடித்ததாகத் தெரியவில்லை. ஆனால் பிரிஜெட் கம்பியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, "அப்பிடி இல்ல, சாச்சுப் பிடிங்க, குருத்துல குத்திராதீங்க," என்று கையைப் பிடித்துத் திருப்பி வைத்தாள். பத்து மணிக்குத் தன் தேநீரில் பாதியை மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். அழுகிய தண்டைப் பிளந்து கொழுத்த வெள்ளைப் புழுக்களைத் தன் கோழிகளுக்கென்று பொறுக்கிக்கொண்டாள். பிரிஜெட்டுக்குக் கை கொப்பளித்தது, முதுகு வலித்தது. ஆனால் யாரோ ஒருத்தி பக்கத்தில் நின்று நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தாள். மருமகளைப் பற்றி, கோழியைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி. பஸ்ஸில் திரும்பும்போது, அடுத்த வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்படிச் சில வெள்ளிக்கிழமைகள் போயின. ஓடைப் பக்கம் வண்டு குறைந்தது. மேட்டுப் பக்கம் பிடிக்கப் பிடிக்க வந்தது.

ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை, பள்ளி முடிந்து அவள் வெளியே வந்தபோது தெற்கே புகை எழும்பி நின்றது. எந்தத் தோட்டம் என்று அங்கிருந்து தெரியாது. ஆனாலும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. புத்தகப் பையோடு பஸ் ஏறினாள். வெள்ளைப்பாலத்தில் இறங்கியதுமே தெரிந்துவிட்டது. செம்மண் சாலையில் நடந்து போய்ச் சேர்ந்தபோது சேலை வியர்வையில் நனைந்திருந்தது. மேட்டுக் காட்டின் வரிசைகள் எரிந்துகொண்டிருந்தன. இடையில் நின்ற இளஞ்செடிகளின் மட்டைகள் வெக்கையில் சுருண்டன.

மேனேஜர் நடராஜா சாலையோரம் குடை பிடித்து நின்றார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்த மனிதர். யாரிடமும் குரல் உயர்த்தாதவர் என்று பெயர். அவள் கதை அதற்குள் அவர் காதுக்கும் போயிருந்தது. அவளைப் பார்த்ததும் குடையை அவள் பக்கம் நீட்டினார்.

"வாங்க டீச்சர். வெயில்ல நிக்காதீங்க."

"பரஞ்சோதி எங்க சார்?"

"அலோர் ஸ்டார்ல கூட்டம். நான்தான் அனுப்பினேன். இத அவர் பாக்க வேணாம்னுதான்."

"நிறுத்தச் சொல்லுங்க சார். ஓடப் பக்கம் பாருங்க, வண்டு அடங்கிருச்சு. மழை வந்தா இங்கயும் கொடி ஏறிரும்."

"எப்ப வரும்?"

அவள் திரும்பி மலைப் பக்க வானத்தைப் பார்த்தாள்.

"டீச்சர், மேலிடத்துக்கு நான் பதில் சொல்லணும். செடி போச்சுன்னா எதுக்குப் போச்சுன்னு கேப்பாங்க. நீங்க ஒரு காரணம் சொல்லுங்க. உறுதியா ஒன்னே ஒன்னு. இத எரிச்சா இன்ன வருஷம் இன்ன எடத்துல இன்னது நடக்கும்னு. நான் இப்பவே நிறுத்தச் சொல்றேன்."

உண்மையாகவேதான் கேட்டார். அவருடைய கண்ணில் ஏளனம் இல்லை.

"உறுதி இல்லாததுதான் சார் காரணம்," என்றாள் பிரிஜெட். "நாம நெனைக்கறதவிட மோசமாவும் போகலாம்."

"நல்லபடியாவும் போகலாம்."

"போகலாம். போகலைன்னா? செடி செத்தா மறுபடி நடலாம். இந்தப் புகைய யாரு சார் புடிச்சுக் கொண்டு வருவா?"

அவர், ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினார். அடுத்த வரிசைக்கும் நெருப்பு வைத்தார்கள். "ஓடப் பக்கத்த விட்டுருங்க," என்று மட்டும் சொன்னார். அதை அவளுக்காகச் சொன்னாரா, அந்தப் பக்கம் வண்டு குறைந்ததால் சொன்னாரா, அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. குடையை அவள் கையில் கொடுத்துவிட்டு ஜீப்புக்கு நடந்தார். ஆட்களும் ஒவ்வொருவராகக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஒதுங்கினார்கள். செல்லாயி தூரத்தில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். கிட்டே வரவில்லை. மேனேஜரின் ஜீப் நிற்கும்போது வர முடியாது.

பிரிஜெட் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும்வரை அங்கேயே நின்றாள். அழுகை வரவில்லை. அந்தக் கோட்டில் இதெல்லாம் ஒரு புள்ளி கூட ஆகாது என்று அவளுக்குத் தெரியும். இப்படி ஒரு புள்ளிகூட ஆகாத நெருப்புகளால்தான் அந்தக் கோடு ஆகியிருக்கிறது என்பதும் தெரியும்.

செப்டம்பரில் பரஞ்சோதிக்கு மாற்றல் வந்தது. அதே கம்பெனியின் எண்ணெய் ஆலையில், பண்டார் பாரு பக்கம், லோரி எடை போடும் இடத்துக்குப் பொறுப்பாளனாக. தோட்டத்து பங்களாவைக் காலி செய்தார்கள். அவன் விடைபெற வரவில்லை. பிரேமாவதிதான் வந்தாள், தனியாக, ஒரு பிற்பகல். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. வாசற்படியில் நின்றே பேசினாள்.

"அவரு உங்கள ஒரு வார்த்த சொல்ல மாட்டாரு டீச்சர். அதனால நான் சொல்லிட்டுப் போறேன். அடுத்த வருஷம் மேனேஜராயிருக்க வேண்டிய ஆளு. இப்ப லோரிக்காரன்கிட்ட சீட்டு வாங்கி எடை போட்டுக்கிட்டு இருக்காரு."

"நான் வேணும்னு…"

"தெரியும். நீங்க நல்லவங்கதான். ஆனா உங்களுக்கு எழக்கறதுக்கு யாரு இருக்கா டீச்சர்? புருசனா, புள்ளையா? அதனால உங்களுக்குத் துணிச்சல். எங்களுக்கு அப்பிடி இல்ல."

சொல்லி முடித்ததும் அவளுக்கே கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள். பிரிஜெட் கதவைச் சாத்தவும் மறந்து முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். பிரேமாவதி சொன்னதில் பாதி சரி. இழக்க யாரும் இல்லை. ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை கேக் சாப்பிட வருகிற ஒருவன் இருந்தான். அதைப் பிரேமாவதியிடம் எப்படிச் சொல்வது?

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டு கொட்டியது. வராமல் இருந்த மழையெல்லாம் சேர்ந்து வந்தது போல. கூலிம் ஆறு கரை தட்டியது. நவம்பரில் ஒரு காலை, பசார் மீன் கடையில் யாரோ தோளைத் தொட்டார்கள். செல்லாயி.

"டீச்சரம்மா, ஓடக்காட்டப் போயி பாத்தீங்களா? கொடி இடுப்பு ஒசரத்துக்கு ஏறிக் கெடக்கு. கட்டையே கண்ணுல படல. வண்டும் இல்ல ஒன்னும் இல்ல. செடியெல்லாம் தளதளன்னு நிக்கிது. மேட்டுல எரிச்சதுதான் மறுநடவு போட்டு இப்பத்தான் முழிக்குது."

"மேனேஜர் பாத்தாரா?"

"அவரு போயிட்டாரே. ரிட்டயரு. புதுசா வந்தவருக்கு இந்தக் கதையே தெரியாது. அடுத்த காட்ட ஜனவரில எரிக்கப் போறாங்களாம்." செல்லாயி மீன் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். "நானும் மவன் வீட்டுக்குப் போறேன், பிறை டவுனுக்கு. அங்க ஃபேக்டரில இருக்கான். இனிமே காட்டு வேல இல்ல."

பிரிஜெட் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். செல்லாயிக்கு ஏன் என்று புரியவில்லை. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஓடைப் பக்கம் பிழைத்த செய்தியை யாரிடம் சொல்வது? அதைக் கேட்க வேண்டியவன் ஒருவன்தான். டிசம்பர் விடுமுறை விட்டதும் பண்டார் பாருவுக்கு பஸ் ஏறினாள். ஆலை வாசலில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் வரிசையாக நின்றன. தகரக் கூரை போட்ட சின்ன அறையில், எடை மேடையின் முள்ளைப் பார்த்தபடி பரஞ்சோதி உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து, தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"ஓடப் பக்கம் நல்லா வந்துருச்சு பரஞ்சோதி. வண்டு இல்ல."

"கேள்விப்பட்டேன் டீச்சர்." அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து, வந்த வேகத்தில் போயிற்று. "மழை ஜூலைலயே பேஞ்சிருந்தா மேடும் பொழைச்சிருக்கும்ல?"

"பொழைச்சிருக்கும்."

"அந்த மழை ஏன் அப்ப வரல? நீங்க சொன்ன அந்தச் சூடாலயா?"

"தெரியாது," என்றாள் பிரிஜெட். அவன் சிரித்தான். வெகு நாளைக்குப் பிறகு அவளும் சிரித்தாள்.

வெளியே லோரிக்காரர் ஹாரன் அடித்தார். பரஞ்சோதி எடையை எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தான். நின்றபடியே குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டம் இருக்கு டீச்சர். சின்னத் தோட்டம்தான், தனியார் ஒருத்தரோடது. அவங்களும் கித்தா மரத்தச் சாய்ச்சுக்கிட்டு இருக்காங்க. வர்ற மாசம் நெருப்பு வெப்பாங்க. போயி கேட்டுப் பாருங்க. பள்ளக் காடா இருந்தா முதல்ல அத விடச் சொல்லுங்க, ஈரம் நிக்கும். கொடி வெதைய ரெண்டு மடங்கு போடச் சொல்லுங்க." கொஞ்சம் தயங்கினான். "என் பேர மட்டும் சொல்லிராதீங்க."

"சொல்ல மாட்டேன்."

"பிரேமா வீட்டுல இருக்கா. பாத்துட்டுப் போறீங்களா?"

"இன்னொரு நாளைக்கு வரேன்பா," என்றாள். வரப்போவதில்லை என்று இருவருக்கும் தெரிந்தது.

படகில் ஆற்றைக் கடந்து, கேட்டுக் கேட்டு அந்தத் தோட்டத்தைக் கண்டுபிடித்தாள். சாலையின் இரண்டு பக்கமும் வெட்டிய மரங்கள் பால் கசியக் கிடந்தன. ஆபீஸ் என்பது ஒரு பழைய பலகை வீடு. உள்ளே கணக்கெழுதும் கிராணி, வயதான சீனர், பழைய செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தார். என்ன வேண்டும் என்று மலாயில் கேட்டார். முதலாளியைப் பார்க்க வேண்டும், மரம் எரிப்பதைப் பற்றி என்றாள். புகையைப் பற்றிப் புகார் சொல்ல வந்தவள் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் முகம் இறுகியது.

"முதலாளி வெளியே போயிருக்கிறார். எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. நீங்கள் நாளைக்கு வாருங்கள்."

"பரவாயில்லை, இருக்கிறேன்," என்றாள் பிரிஜெட்.

வராந்தாவில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே காற்றாடி சுற்றும் சத்தமும், காட்டுப் பக்கம் ரம்பம் அறுக்கும் சத்தமும் கேட்டன. கிராணி இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். மூன்றாவது தடவை ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டு வந்து பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். அவள் குடித்துவிட்டு, முதலாளியிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று மனசுக்குள் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தாள்.